உயிரோடு விடவேண்டிய மீன்

மட்டாஞ்சேரி மீன் மார்க்கெட்டில் போய்ச் சுப்புராஜ் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஐஸ் அண்ணாச்சி என்று கேட்டால் சுற்றிக்கொண்டிருக்கும் பூனைகூட வழி காட்டும். இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷர் பார்ப்பது ஒரே வேலைதான். விடியற்காலையில் வந்து இறங்கும் ஐஸ் பாளங்களை உடைத்துத் தூளாக்கி, பெட்டிக்குள் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன், மறுபடி ஒரு வரிசை ஐஸ் என்று அடுக்குவார். அவர் அடுக்கிய பெட்டியைக் கோயம்புத்தூரில் கொண்டுபோய்த் திறந்தாலும் மீனின் கண் கலங்கியிருக்காது என்று வியாபாரிகள் சொல்வார்கள்.

ஊர் விளாத்திகுளம் பக்கம். கருவேலம் புதரைத் தவிர வேறெதையும் அறியாத பூமி. பத்தொன்பது வயதில் கட்டட வேலைக்கென்று கூட்டிவந்த மேஸ்திரி பாதியில் கைகழுவிவிட்டுப் போக, பசிக்கு ஐஸ் தூக்கப் போனவர் அப்படியே அங்கேயே தங்கிவிட்டார். ஐஸ் அவருக்குச் சோறு போட்டது, கல்யாணம் கட்டிவைத்தது, ஒற்றை அறை வீட்டில் ஒரு மகளையும் வளர்த்துக் கொடுத்தது. பதிலுக்கு விரல்களை வாங்கிக்கொண்டது. எண்ணிப் பார்த்தால் பத்து விரலும் இருக்கும், உணர்ச்சிதான் கிடையாது. கொதிக்கிற சாயா கிளாஸை வெறுங்கையில் பிடித்தபடி கதை கேட்டுக்கொண்டு நிற்பார். அண்ணாச்சி கைக்கு ஏசி போட்டிருக்கிறது என்று சாயாக்கடை சிகாபுதீன் கிண்டல் செய்வார். சுப்புராஜும் சேர்ந்து சிரிப்பார். ஒரு சிரிப்பையும் 'ஆமா' என்ற ஒரு சொல்லையும் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியவர் அவர்.

மகள் சங்கரிக்குப் பதினேழு வயது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் பத்து நிமிஷம் யோசிப்பாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இளைப்பு நோய். நாலு எட்டு வேகமாக வைத்தால் நெஞ்சில் விசில் அடிக்கும். மற்ற பிள்ளைகள் மைதானத்தில் ஓட, இவள் அவர்களுடைய செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருப்பாள். பத்தாம் வகுப்பு வரைக்கும் அதுதான் அவள் ஆடிய விளையாட்டு.

போன வருஷம் விளையாட்டு டீச்சர் மாதுரி பள்ளிக்கூடத்தில் தூண்டில் அணி ஒன்று தொடங்கினார். தூண்டில் போட்டு மீன் பிடிப்பது ஒரு போட்டியாம், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மோதுவார்களாம். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், உயரம் வேண்டாம். பொறுமையும் கண்ணும் போதும். செருப்புக்குக் காவல் இருந்தவளுக்குப் பொறுமைக்கா பஞ்சம்? மூன்றே மாதத்தில் அணியில் முதல் ஆள் சங்கரிதான். வேலியேற்றம், வேலியிறக்கம் என்று கடலை ஒட்டிய காயலில் தண்ணீர் ஏறி இறங்கும் நேரம், எந்தக் காற்றுக்கு எந்தக் கரை என்று சாப்பாட்டின்போது பேச ஆரம்பித்தாள். போனைக் கையில் எடுப்பதே குறைந்துபோயிற்று.

வீட்டில் மனைவி மாயம்மாளுக்கு இது அறவே பிடிக்கவில்லை. வெயிலில் காய்ந்து பிள்ளை கறுத்துப்போகிறாள், பரீட்சை வருகிறது, ஒருநாள் தூண்டில் முள் கட்டைவிரலில் ஏறி ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள், இதெல்லாம் தேவையா என்று தினமும் ஒரு பாட்டம் பாடுவாள். எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆறாதது, பிடித்த மீனை அளந்து பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பது. "குழம்புக்கு ஆகாத மீனுக்கு எதுக்குட்டி நாள் பூரா தவம்?" என்று கேட்பாள். சாயாக்கடையில் சிகாபுதீன் வேறு மாதிரி பேசுவார். தின்பதற்குப் பிடித்தால் அது நியாயம். வாயைக் குத்திக் கிழித்துவிட்டு, போய்வா என்று அனுப்புவது என்ன நியாயம், அதற்கும் வலிக்காதா என்பார். அறுந்து கிடந்த தூண்டில் நரம்பில் கால் சிக்கி நீர்க்காகம் ஒன்று செத்துக் கிடந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொல்வார். மாதுரி டீச்சரோ, இது வந்த பிறகுதான் இந்தப் பிள்ளைகள் காயலில் குப்பை போடுகிறவர்களை அதட்டுகிறார்கள் என்பார். சுப்புராஜ் மூன்று பேருக்கும் 'ஆமா' சொன்னார். மூன்றுமே சரியென்றுதான் அவருக்குப் பட்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மகள் பக்கம் அசையாமல் நின்றார். காக்கநாட்டில் ஒரு கல்லூரி தூண்டில் அணி வைத்திருந்தது. மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வருகிற பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் படிப்பில் சீட், படிப்பு முடியும்வரை ஃபீஸ் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். சங்கரியின் மார்க்குக்கு அந்தப் படிப்பு வேறெந்த வழியிலும் கிடைக்காது. மகள் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பதை சுப்புராஜ் எத்தனையோ தடவை ஐஸ் உடைத்துக்கொண்டே மனசுக்குள் பார்த்துவிட்டார்.

போட்டி பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. தோப்பும்படிக்குத் தெற்கே காயல் கரை. தண்ணீர் பக்கம் என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தே ஆகவேண்டும். மாயம்மாள் வரமாட்டேன் என்றுவிட்டாள். சுப்புராஜ் லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையும் கல்யாண வீட்டு வேஷ்டியுமாகக் கிளம்பினார். கூட வந்தவருக்கு வேலை இதுதான்: பிடித்த மீனைப் போட்டுவைக்கும் பெரிய நீலத் தொட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வப்போது தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு மணிக்கு நடுவர் வந்து மீனை அளந்து காயலில் விடுவார். அது தானாக நீந்திப் போனால்தான் அளவு கணக்கில் சேரும். போட்டி நடக்கும்போது பிள்ளையோடு பேசினால் ஆட்டமே செல்லாது.

"சுப்புராஜ் சேட்டா, மீன் சாகான் பாடில்ல. ஜீவனோட வேணும்" என்று, மீன் சாகக்கூடாது என்பதை மாதுரி டீச்சர் இரண்டு தடவை சொன்னார்.

"ஆமா டீச்சர்" என்றார் சுப்புராஜ்.

பதினொரு மணிக்குள் சங்கரி இரண்டு கரிமீன் பிடித்துவிட்டாள். பதினொன்றே முக்காலுக்கு அவள் தூண்டில் வில்லாக வளைந்தது. கால் மணி நேரம் விட்டும் இழுத்தும் அவள் கரைக்குக் கொண்டுவந்தது, கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீன். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். தொட்டியில் மீனை விட வந்தவள் அப்பாவைப் பார்த்துப் பேசாமல் புருவத்தை மட்டும் தூக்கினாள். அந்தக் கரையில் அதைவிடப் பெரிய மீன் அதுவரை யாருக்கும் விழவில்லை. சுப்புராஜ் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

பன்னிரண்டரைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. தொட்டித் தண்ணீரில் காற்றுக் குமிழி விடுகிற சின்ன மோட்டார் இருமி இருமி நின்றுபோனது. கொடுவா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சுப்புராஜ் ஓடி ஓடிக் காயல் தண்ணீரை மொண்டு ஊற்றினார். வேலியிறங்கிய கரையோரத் தண்ணீரும் வெந்நீராகத்தான் கிடந்தது என்பதை அவர் விரல்கள் சொல்லவில்லை. மேலே தெறித்தபோது முழங்கால் சொல்லிற்று. டீச்சரைத் தேடினார். வெயிலில் மயங்கி விழுந்த ஒரு பையனை வேனில் ஏற்றிக்கொண்டு அவர் அடுத்த முனையில் நின்றார். மகள் பதினைந்து எட்டு தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கூப்பிட்டால் எல்லாம் போயிற்று. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கலாமென்றால், அவர் இடப்பள்ளியிலிருந்து வந்த போட்டிக்காரப் பிள்ளையின் அப்பா. இப்படி ஒரு நேரத்தில் மனுஷன் யாரிடம் போவான்? தெரிந்த தொழிலிடம்தான் போவான்.

ரோட்டோரம் சர்பத் கடை இருந்தது. ஒரு பை ஐஸ் வாங்கிவந்தார். முதலில் ஒரு கை அள்ளித் தொட்டியில் போட்டார். மீன் கொஞ்சம் தணிந்தது. கையை விட்டுப் பார்த்தார், குளிர்ச்சி தெரியவில்லை. இன்னொரு கை. மறுபடி விட்டுப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை. மிச்சமிருந்ததை மொத்தமாகக் கொட்டிவிட்டார். சிறிது நேரத்தில் மீன்கள் வாயை மூடிக்கொண்டு அடியில் போய் அமைதியாகப் படுத்தன. துள்ளலில்லை, திணறலில்லை, கண் பளிச்சென்று இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் நல்ல மீன் என்று அறிந்ததெல்லாம் இப்படிக் கிடக்கிற மீனைத்தான். அப்பாடா என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளுடைய சீட்டைத் தன் கையாலேயே காப்பாற்றிக் கொடுத்துவிட்டதாக நினைத்தார், பாவம்.

ஒரு மணிக்கு விசில் அடித்தது. நடுவர் வந்து தொட்டியில் கை விட்டவர், சுட்டதுபோல வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். கொடுவாவைத் தூக்கிப் பலகையில் வைத்து அளந்தார். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். சங்கரி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் இடத்துக்கு அதுவே தாராளம். நடுவர் மீனைக் காயலில் இறக்கிக் கையை எடுத்தார். மீன் ஒருக்களித்து, வெள்ளை வயிற்றைக் காட்டியது.

ஐந்து நிமிஷம் அவகாசம் உண்டு. சுப்புராஜ் யாரையும் கேட்கவில்லை. வேஷ்டியோடு தண்ணீரில் இறங்கி மீனை இரண்டு கையாலும் ஏந்தி முன்னும் பின்னும் ஆட்டினார். நீச்சல் தெரியாத மனுஷர் இடுப்பளவுக்குப் போய்விட்டார். "போ, போயிரு. ஒரு தடவ நீந்திரு சாமி" என்று முனகிக்கொண்டே இருந்தார். செவுள் அசைகிறதா இல்லையா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்த விரல்களுக்கு என்ன தெரியும்? ஐந்து நிமிஷம் முடிந்தது. கரிமீன் இரண்டும் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தன. நடுவர் அட்டையில் மூன்று மீனையும் கோடிழுத்து அடித்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனார்.

தொட்டியில் என்ன போட்டீர்கள் என்று மாதுரி டீச்சர் கேட்டார். சுப்புராஜுக்கு ஒளிக்கத் தெரியாது. ஐஸ் என்றார். டீச்சர் அவர் முகத்தையும் ஈர வேஷ்டியையும் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். நாலு பேர் நடுவில் அவரைத் திட்டியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். காலில் விழட்டுமா, மறுபடி ஒரு தடவை பிடிக்கச் சொல்லுங்கள் என்று கேட்கலாமா என்றெல்லாம் அவருக்குள் ஓடியது. இந்த மாதிரி இடத்தில் 'ஆமா' என்ற சொல்லும் உதவாது.

செத்த மீனைக் காயலில் போடக்கூடாது, அவரவர் எடுத்துப் போய்விட வேண்டும் என்பது போட்டியின் கடைசி விதி. மூன்று மீனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்கள். அப்பாவும் மகளும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். அவள் அழுதால் ஏதாவது சொல்லலாமென்று சுப்புராஜ் காத்திருந்தார்; அவள் அழவில்லை. தூண்டிலை மடக்கி உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். மருந்துக் குழலை வாயில் வைத்து இரண்டு தடவை இழுத்தாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பையை எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல பச்சை மீன், எங்கே வாங்கினீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள். சுப்புராஜ் பையின் வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மோளே" என்றார் சுப்புராஜ்.

சங்கரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பி அப்பாவின் கையிலிருந்த பையைப் பார்த்தாள். கோபமே இல்லாத குரலில், வீட்டில் தினமும் சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

"அந்தக் கடைல கொஞ்சம் ஐஸ் வாங்கிப் போடுப்பா. வீடு போறதுக்குள்ள கெட்டுப்போயிரும்."

எதிரேதான் சர்பத் கடை. கடைக்காரர் சற்று முன்பு வந்தவரை அடையாளம் கண்டுகொண்டு, எவ்வளவு வேண்டும் என்று கையைக் காட்டிக் கேட்டார். சுப்புராஜ் பையைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். தோப்பும்படி பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, அவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போனது.