இரண்டாம் முறை எடுத்த ரத்தம்

காசியம்மாள் யாரைப் பார்த்தாலும் முதலில் முழங்கை மடிப்பைத்தான் பார்ப்பாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவரின் நரம்பைக்கூட விடமாட்டாள். செங்கம் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். ரத்தம் தொடுகிற வேலை வேண்டாம் என்று புகுந்த வீட்டில் எவ்வளவோ சொன்னார்கள், அவள் கேட்கவில்லை. வீம்புக்காரி என்று பேசினவர்கள் உண்டு. பேசிவிட்டுப் போகட்டும்.

அடி அண்ணாமலை கிராமத்தில் பால் ஊற்றும் அப்பாதுரை, குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்து படுத்திருந்தார். காலையில் புது நர்ஸ் பூஜா ரத்தம் எடுத்தாள். பத்து மணிக்கு ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு ஏகத்துக்கும் ஏறியிருந்தது. அந்த அளவு ஏறினால் நெஞ்சே நின்றுபோகலாம். கிட்னி கெட்டிருக்குமோ என்று டாக்டர் ஆபரேஷனை நிறுத்தி, வேலூருக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

அப்பாதுரையின் மனைவி ரேணுகாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் டயாலிசிஸ் செய்து செய்தே இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து போனவர்.

காசியம்மாள் அப்பாதுரையின் கையைத் திருப்பிப் பார்த்தாள். ரப்பர் பட்டை கட்டிய தடம் இன்னும் சிவந்திருந்தது.

"ரொம்ப நேரம் கட்டியிருந்தாங்களாங்க?"

"ஆமாங்க. நரம்பு கெடைக்கலன்னு அந்தப் பொண்ணு தேடிச்சு. கைய மூடி மூடித் தொறங்கன்னுச்சு."

"எத்தன தடவ செஞ்சீங்க?"

ரேணுகாம்பாள் குறுக்கே சொன்னாள். "நாப்பது வருசமா மாடு கறக்கற கைம்மா. நிறுத்துன்ற வரைக்கும் கறந்துகினே இருந்தாரு. மாடு இருந்திருந்தா ஒரு சொம்பு நெறஞ்சிருக்கும்."

காசியம்மாளுக்கு விஷயம் பிடிபட்டது. பட்டையை வெகுநேரம் கட்டி வைத்துக் கையைப் பிசையவிட்டால், சதையிலிருக்கும் உப்பு அந்தக் கையின் ரத்தத்தில் இறங்கிவிடும். நேராக டாக்டரிடம் போய், அந்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம் என்றாள்.

"மெஷின் பொய் சொல்லுமா சிஸ்டர்?"

"மெஷின் சரியாத்தான் சொல்லுது சார். நாம குடுத்த ரத்தந்தான் சரியில்ல. இன்னொரு தபா எடுக்கறேன்."

ஆபரேஷனுக்காகக் காலையில் எடுத்திருந்த ஈசிஜி தாளை டாக்டர் மறுபடி பார்த்தார். உப்பு அவ்வளவு ஏறியிருந்தால் நெஞ்சுத் துடிப்பில் தெரியும்; அதில் கோளாறு எதுவும் இல்லை. "சீக்கிரம் எடுங்க. வண்டி வந்தா நிறுத்தி வைக்க முடியாது."

இந்த முறை மற்றக் கை. அதைத் தொங்கவிடச் சொல்லி, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினாள். மடிப்பில் விரல் வைத்து அழுத்தினாள். கண்ணுக்குத் தெரியாத நரம்பு விரலுக்குக் கீழே மெத்தென்று எழும்பியது.

"கைய சும்மா வைங்க. கன்னுக்குட்டியே எல்லாத்தையும் குடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சுக்கங்க."

"அப்ப எனக்கு வேலயே இல்லயா?"

"இல்ல."

பட்டையைக் கட்டினாள், மருந்துப் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு ஊசியை இறக்கினாள். ரத்தம் தலைகாட்டியதும் பட்டையை அவிழ்த்துவிட்டாள். குழாய் தானாக நிறைந்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அவர் வாயாலேயே பேரைச் சொல்லவைத்து, கட்டிலருகில் நின்றே குழாயில் எழுதினாள்.

ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. டிரைவர் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். காசியம்மாள் வழியை விட்டு நகரவில்லை.

லேபிலிருந்து டாக்டரே தாளோடு வந்தார். "நாலு புள்ளி மூணு."

"அது ஜாஸ்தியா, கம்மியா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"சரியா இருக்கும்மா. கிட்னி நல்லா இருக்கு. நாளைக்கு ஆபரேஷன்."

ரேணுகாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கி அடங்கிற்று. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏன்யா, கைன்னா ஒரு எடத்துல இருக்காதா?"

காசியம்மாள் பூஜாவிடம், "ஒரு நிமிசத்துக்கு மேல பட்டை வேணாம்டி" என்று மட்டும் சொன்னாள்.

"ராத்திரிலேர்ந்து பட்டினிம்மா இவரு. இட்லி வாங்கியாரட்டா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"வாங்கியாங்க. உங்களுக்கும் சேத்து."