அந்தோணியாருக்குப் போட்ட சுகக் கடிதம்

அறுபதுகளின் நடுவில் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஓர் அரிசி மில்லில் வேலை பார்த்தேன். அதற்கு முன் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். அதற்கும் முன் சிதம்பரத்தில் ஓர் ஓட்டலில் மாவாட்டினேன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஒரே ஊரில் கொஞ்ச காலம் இருந்தால் எனக்குக் கால் பரபரக்கும். கிளம்பிவிடுவேன். அதில் எனக்குக் கவலை இருந்ததில்லை. மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியை வலது கையில் பிடிக்கத் தெரிந்தால் போதும், எந்த ஊரிலும் சோறு கிடைத்தது.

மில்லில் ஓடுகிற சக்கரத்திலிருந்து பெல்ட் கழன்றால், சக்கரத்தை நிறுத்தாமலே கையால் தள்ளி மாட்டுவது வழக்கம். நிறுத்தினால் மேஸ்திரி கத்துவார். நானும் அப்படித்தான் மாட்டினேன். அன்றைக்கு அது என் வலது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது.

கூட வேலை செய்த நண்பன் தன் துண்டைக் கிழித்துக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அவன் கடலூரை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துக்காரன். படகில் ஏறினால் வாந்தி எடுப்பான், அதனால் நெல் மூட்டைக்கு வந்தவன். டாக்டர் தையல் போட்டுக் கட்டிவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் ரத்தம் ஓடுகிறதா என்று இப்போது சொல்ல முடியாது, அடுத்த வாரம் கட்டைப் பிரிக்கும்போது தெரியும், கறுத்துப் போயிருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். அந்த இரண்டும் போனால் கொக்கி பிடிக்க முடியாது. வேறு வேலை எனக்குத் தெரியாது.

காத்திருக்கிற நாட்களுக்கு நண்பன் என்னை ரயிலில் முதுநகருக்கு அழைத்துப் போனான். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போனோம். செவ்வாய் என்றால் அங்கே கிறிஸ்தவர்களைவிட மற்றவர்கள்தான் ஜாஸ்தி. கையில் தெய்வக் குழந்தையை ஏந்தி நிற்கிற அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதலைக் கடிதமாக எழுதி அதில் போடுவார்கள். ஜெப நேரத்தில் உபதேசியார் ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயரை மட்டும் விட்டுவிட்டு, சத்தமாக வாசிப்பார். வேண்டுதலை யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம். துறைமுகத்தில் இருந்த காலத்தில் நானே பலருக்கு எழுதித் தந்திருக்கிறேன். ஆனால் கேட்டது கிடைத்தபின் போடுகிற நன்றிக் கடிதத்தைக் கேட்டவர்தான் தன் கையால் எழுத வேண்டும். எழுத்து தெரியாதவர்கள் ஒரு சிலுவைக் குறியாவது போடுவார்கள்.

என் கை துணி மூட்டையாக இருந்ததால் நண்பன் பென்சிலை எடுத்தான். மூன்றாம் வகுப்பு படித்தவன். காரைக்காலில் இருந்த தாய்மாமனைத் தவிர வேறு யாருக்கும் அவன் கடிதம் எழுதியதில்லை.

"ஆரம்பத்துல என்னா மச்சான் போடறது?"

"ஒன்னும் போடாத. நேரா விஷயத்த எழுது."

"அது எப்பிடிடா? பெரியவருக்கு எழுதறோம். எடுத்த ஒடனே கையக் குடுன்னா, மரியாத தெரியாதவனுங்கன்னு நெனைக்க மாட்டாரு?"

"சரி, எதையாவது போட்டுத் தொல."

எனக்குக் காய்ச்சல் அடித்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் எழுதினான். நடுவில் எழுந்துபோய்ச் சுரூபத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தான். வாசித்துக் காட்டு என்றதற்கு, "ஒனக்கு எதுக்கு? ஒனக்கா எழுதனேன்?" என்று பெட்டியில் போட்டுவிட்டான்.

உபதேசியார் பழக்க தோஷத்தில் முன்கூட்டிப் பார்க்காமலே வாசிக்கிறவர். குழந்தை வரம், காணாமல் போன மாடு, குடிக்கிற புருஷன் என்று வந்துகொண்டிருந்தது. பிறகு இது வந்தது.

"மகாராஜராஜஸ்ரீ அந்தோணி மாமா அவர்களுக்குத் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. நாங்கள் இவ்விடம் யாவரும் சுகம். தங்கள் சுகத்துக்கும் வீட்டில் உள்ளவர்கள் சுகத்துக்கும் கடிதம் எழுதவும். கையில் இருக்கும் குழந்தையை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு கிளம்பியது. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். பெட்டியில் விழுந்ததை அரைகுறையாக விடக்கூடாது என்பது அவர் கணக்குப் போலிருக்கிறது.

"நிற்க. மில்லில் பெல்ட்டு மாட்டி என் சிநேகிதன் கை நசுங்கிவிட்டது. ரெண்டு விரலை வெட்டலாம் என்கிறார்கள். வெட்டாமல் பார்த்துக்கொள்ளவும். மற்றபடி அவன் சுகம். உடனே பதில் போடவும்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு வேண்டுதலுக்கும் பின்னால் எல்லோரும் சேர்ந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்ல வேண்டும். முதலில் சிரித்த பெண்கள்தான் அதைப் பலமாகச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் அவனைத் திட்டினேன்.

"கை போவுது, யாவரும் சுகம்னு எழுதியிருக்கியே, அறிவு இருக்கா?"

"கடுதாசின்னா அப்பிடித்தான் எழுதுவாங்க. எங்க மாமாவுக்கு அப்பிடித்தான் எழுதுவேன். வூடு எரிஞ்சாலும் மொதல்ல சுகம்தான் போடணும். அப்பறம் நிற்க. அதுக்கப்பறம்தான் வந்த காரியம்."

"நான் சுகமாவா இருக்கேன்?"

"காலு இருக்கில்ல? கண்ணு தெரியுதில்ல? காலைல ஆறு இட்லி தின்னியே, நோயாளியா திங்கறான் அப்பிடி?"

அன்று இரவு, கை நசுங்கிய பிறகு முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன். வேண்டுதல் என்றால் அழுகிற காரியம் என்றுதான் அதுவரை எனக்குத் தெரிந்திருந்தது. பிறருக்கு நான் எழுதித் தந்த எதிலும் சுகம் என்று ஒரு வார்த்தை இருந்ததில்லை. 'மற்றபடி அவன் சுகம்' என்று உபதேசியார் வாசித்த குரல் காதிலேயே இருந்தது.

சிதம்பரத்தில் கட்டைப் பிரிக்கிற அறைக்குள் நண்பன் வரவில்லை. மீன் வெட்டிப் பழகிய குடும்பம், ஆனால் என் கையைப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. விரல்கள் வீங்கி, மஞ்சளும் ஊதாவுமாக இருந்தன. நான் வேறு பக்கம் பார்த்தேன். டாக்டர் ஊசி முனையால் கட்டைவிரலைக் குத்தினார். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அடுத்த விரலையும் குத்தினார். மறுபடியும் கத்தினேன்.

"வலிக்குதா?" என்றார். சிரித்தார். "அப்ப வெட்ட வேணாம். போய் மருந்து கட்டிக்க."

வராந்தாவில் நண்பன் வெளுத்துப்போய் நின்றான். கத்தியது அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"எடுத்துட்டாங்களாடா?"

"வலிக்குது மச்சான்."

"என்னாது?"

"வலிக்குதுடா! ரெண்டு வெரலும் நல்லா வலிக்குது!"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எங்களை வெளியே துரத்தினாள்.

காயம் ஆறி, பென்சில் பிடிக்கிற அளவுக்கு விரல் மடங்க நாளாயிற்று. ஆள்காட்டி விரல் முழுதாக மடங்கவில்லை, இன்றைக்கும் அப்படித்தான். கொக்கி பிடிக்க அது போதும். நண்பன் விடவில்லை. "மாமா பதில் போட்டுட்டாரு. நாம சும்மா இருந்தா நல்லா இருக்காது" என்று முதுநகருக்கு இழுத்துப் போனான். கோயில் சுவரோரம் உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்துக்கொண்டேன். எழுத்து ஒவ்வொன்றும் கோணியது. முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது. நண்பன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இதுக்கு என் எழுத்து எவ்ளோ தேவல" என்றான்.

அவனுடைய முறையிலேயே எழுதினேன். அந்தோணி மாமாவுக்கு, நான் இவ்விடம் சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும். குழந்தையை விசாரித்ததாகச் சொல்லவும். பிறகு வழக்கப்படி, நிற்க என்று போட்டேன்.

அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வந்த காரியம் மேலேயே முடிந்துவிட்டிருந்தது. தாளை மடித்துப் பெட்டியில் போட்டேன்.