வீக்கம் வடிந்த நாட்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எட்டாவது வரை படித்த எனக்கு உடம்பின் சங்கதியைப் பேச என்ன யோக்யதை என்பது ஒன்று. என் அக்கா இருக்கும்வரை அவள் மனம் நோகுமே என்பது இன்னொன்று. அவள் ஆசார்யன் திருவடி அடைந்துவிட்டாள். எனக்கும் வயதாகிவிட்டது. பெருமாள் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டி ஒரு பாதி வீட்டில் குடியிருந்தோம். நான், என் மனைவி, எங்கள் பெண் குழந்தை, சின்ன வயசிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்ட அக்கா. அடுப்படித் தளிகை, பத்தியம் எல்லாம் அக்கா பொறுப்பு. எனக்குத் திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை.

குழந்தைக்கு ஒன்றரை வயசில் வயிற்றுப்போக்கு வந்தது. நின்றது, மறுபடி வந்தது. தாய்ப்பாலும் வற்றிப்போயிருந்த சமயம். "மாந்தம். இனிமே பாலும் பருப்பும் கண்ணுல காட்டப்படாது" என்று அக்கா தீர்த்துச் சொல்லிவிட்டாள். தொட்டியத்திலிருந்து அவள் புக்ககத்தார் வாழைக்காய் கொடுத்தனுப்புவார்கள். அதைச் சீவி, வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்து அவள் காய்ச்சும் கஞ்சிக்கு எங்கள் வீதியில் நல்ல பெயர். அதையும், சோறு வடித்த கஞ்சியில் சர்க்கரை போட்டும் கொடுத்தாள். போக்கு நின்றது. எல்லாரும் அக்காவை மெச்சினோம். பத்தியத்தை நிறுத்த மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மாதக்கணக்கில் அதே கஞ்சி.

குழந்தை உருண்டு திரண்டாள். கன்னம் உப்பிற்று, கால் கொழுகொழுவென்று ஆயிற்று. "என்னத்தைப் போட்டு வளக்கறேள்? வெண்ணெய்ப் பானைக்குள்ள விழுந்து எழுந்தவ மாதிரி இருக்காளே" என்றாள் அடுத்த வீட்டு மாமி. அவள் தலை மறைந்ததும் அக்கா திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

என் மனைவிக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "ஏன்னா, இவ சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு யோசிச்சுப் பாருங்கோ. தூக்கினாலே அழறா. தலைமயிர் வேற செம்பட்டையா ஆயிண்டு வரது."

"வெயில்டி. எண்ணெய் தேய்ச்சா சரியாப் போயிடும்" என்றாள் அக்கா.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சதை போடுகிற குழந்தையை யார் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்?

ஒரு நாள் காலையில் வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனம் முடித்து வந்து பார்க்கிறேன், குழந்தையால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை அப்படி வீங்கியிருந்தது. கடைக்குப் போகாமல், அக்காவையும் அழைத்துக்கொண்டு, பஸ் பிடித்துத் திருச்சி புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"குழந்தை புஷ்டியாத்தான் இருக்கா. இமை மட்டும்தான்..." என்று அக்கா ஆரம்பித்தாள். டாக்டரம்மா குழந்தையின் புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது. பிசைந்த மாவில் விழுந்த குழி மாதிரி அப்படியே நின்றது.

"இது சதை இல்லீங்க, தண்ணி. என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

சொன்னோம். நாங்கள் சொல்லி முடிக்கிற வரை கேட்டுவிட்டு மெதுவாகப் பேசினார். "கஞ்சியில இருக்கறது மாவுச்சத்து. உடம்பு எரிக்கிற விறகு. நெய்யில இருக்கற கொழுப்பும் விறகுதான், இன்னும் நின்னு எரியும். ஆனா விறகை அடுக்கிச் சுவர் கட்ட முடியாதே. தோல், மயிர், சதை எல்லாத்தையும் கட்டறது புரதம். ரத்தக்குழாய்க்குள்ள தண்ணியப் பிடிச்சு வைக்கறதும் அதுதான். அது குறைஞ்சா தண்ணி வெளியில கசிஞ்சு தோலுக்கடியில தேங்கிடும். ஈரல்லேருந்து கொழுப்பை ஏத்திக்கிட்டுப் போகவும் அது வேணும். அதான் இவளுக்கு ஈரலும் பெருத்திருக்கு."

டாக்டரம்மா என் நெற்றியிலிருந்த திருமண்ணைப் பார்த்தார்.

"முட்டை குடுங்கன்னு சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. பருப்புலயும் புரதம் இருக்கு, அது குடுக்கலாமில்ல?"

"மாந்தக் குழந்தைக்குப் பருப்பா?" என்றாள் அக்கா.

"பெருமாளுக்குப் பொங்கல் பண்றீங்களே, அதுல என்ன போடறீங்க?"

"பயத்தம்பருப்பு."

"அவருக்கு ஒத்துக்கறது இவளுக்கு ஒத்துக்காதாம்மா?"

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

அங்கேயே சில நாள் வைத்துக்கொண்டு, தண்ணீராகக் கரைத்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். உப்பு வீக்கத்தைக் கூட்டும் என்று அதைச் சேர்க்கவில்லை. ஒரேயடியாகத் திணித்தால் இந்த உடம்பு தாங்காது என்று எச்சரித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். என் மனைவி பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, துளி நெய் விட்டு, சாதத்தோடு ஊட்டினாள். பொட்டுக்கடலையை மாவாக்கிப் பாலில் கலந்து கொடுத்தாள்.

அதற்கப்புறம்தான் உண்மையான பயம் பிடித்தது. வீக்கம் வடிய வடிய, குழந்தை கரைந்துபோனாள். கன்னம் ஒட்டிற்று, விலா எலும்பு தெரிந்தது, காலிலிருந்து தண்டை கழன்று விழுந்தது. கைகால் குச்சியாயிற்று.

"பாத்தியாடா உங்க பருப்பு வைத்தியத்தை" என்று அக்கா அழுதாள். "தங்க விக்ரஹமாட்டம் இருந்தவளை உருக்கிட்டேள்." அழுதபடியே வாழைக்காய் மாவை எடுத்து அடுப்பில் ஏற்றினாள். என் மனைவி பாத்திரத்தைக் கீழே இறக்கி வைத்தாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் சொல்வது? அக்கா சொல்வது கண்ணுக்குத் தெரிகிறது. டாக்டர் சொன்னது கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று.

கோயிலில் தாயார் சந்நிதிக்குப் போய் நின்றேன். பிரார்த்திக்க வாய் வரவில்லை. தீர்த்தம் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, குழந்தையின் வாயில் ஒரு சொட்டு விட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு மறுபடி புத்தூர் போனேன்.

டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழவில்லை. "வடிஞ்சிருக்கு. இதுதான் இவ நிஜ உடம்பு. முன்னாடி நீங்க பாத்து சந்தோஷப்பட்டது தண்ணி. இனிமே ஏறுறதுதான் சதை. இப்ப நிறுத்திடாதீங்க."

நிறுத்தவில்லை. ஆனாலும் தினம் காலையில் எழுந்ததும் அவள் காலை அழுத்திப் பார்ப்பேன், விரலை எடுக்கும்வரை மூச்சு விட மாட்டேன். ஒரு நாள் மத்யானம் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நோயில் நடையை மறந்திருந்த குழந்தை தவழ்ந்து போய் அவள் இலையிலிருந்த பருப்புசாதத்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அக்கா தடுக்கக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அவளே ஒரு வாய் பிசைந்து ஊட்டினாள். அன்றைக்குக் குழந்தை சிரித்தாள்.

பிற்காலத்தில் உறவில் பலர், தாயார் தீர்த்தத்தில் பிழைத்த குழந்தை என்று மட்டும் சொல்லிவந்தார்கள். தாயார் கிருபை இல்லாமல் எதுவும் இல்லை, அதை நான் மறுப்பேனா? ஆனால் பருப்பை விட்டுவிட்டுச் சொன்னால், எங்கேயோ ஒரு வீட்டில் வீங்கிய குழந்தையைக் கொழுத்த குழந்தை என்று நினைத்துக் கஞ்சியே கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வடியும்போது பயந்து, கொடுப்பதை நிறுத்தியும் விடுவார்கள். படிக்கிறவர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். குழந்தை இருக்கிற வீட்டில் இதைச் சொல்லுங்கள். அழகுக்காகக் கூட்டாமல், சங்கடத்துக்காகக் குறைக்காமல், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.