கரன்ட் போன இடம்

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பாடகி ராஜாமணி என் கேசட் கடைக் கவுண்டருக்கு எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். திறந்தாலும் காற்றுதான் வந்தது. தொண்டையில் கட்டி, மறுநாள் மதுரையில் ஆபரேஷன். கணவர் தங்கவேல்தான் பேசினார்.

"டாக்டரு பழைய குரல டேப்புல கொண்டாரச் சொன்னாக. அப்புறம் பாடிப் பழகுறதுக்கு அதேன் அளவாம். நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க."

எண்பதுகளில் தேனி பஜாரில் நான் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். ஊர்க் கச்சேரி பாடுகிறவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பதிந்து வைப்பதில்லை. ரசிகர்கள் பதிவார்கள், காப்பி போட என்னிடம் கொடுப்பார்கள். ராஜாமணியின் கடைசிக் கோயில் கச்சேரி மூன்று கேசட்டாக என்னிடம் இருந்தது.

முதலாவது மைக்செட்காரருடையது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேரே ஒயர் இழுத்துப் பதிந்தது. துளி இரைச்சல் கிடையாது. பெருமையாகப் போட்டேன். கொஞ்சம் கேட்டுவிட்டு ராஜாமணி கணவர் காதில் ஏதோ சொன்னார்.

"எக்கோ போட்டிருக்காகளாம். எது குரலு, எது மிசினுன்னு தெரியலயாம்."

எனக்குச் சுருக்கென்றது. எக்கோவை இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பதில்தானே என் கடைக்குப் பேர்!

இரண்டாவது, ஜவுளிக்கடைக்காரர் தன் கடை பிளக்கில் ரிக்கார்டரைச் செருகி, குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் வைத்துப் பதிந்தது. மேலே போகும்போதெல்லாம் குரல் கிழிந்தது. நானே நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது மேகமலை எஸ்டேட் முத்துப்பாண்டியுடையது. பேட்டரி டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துக் கூட்டத்துக்குள் உட்கார்ந்து பதிந்தவர். குழந்தை அழுகை, ஊர்ப்பேச்சு, இருமல். இருமியது அவரேதான். இதைப் போட்டால் கடை மானம் போகும் என்று ஓரங்கட்டியிருந்தேன்.

"அதையுந்தேன் போடுங்களேன்" என்றார் தங்கவேல். போட்டேன். ஒரே இரைச்சல். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"எந்திரி, போவம். பஸ்ஸ விட்டுட்டா டாக்டரு மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?"

ராஜாமணி அசையவில்லை. டேப்பில் யாரோ கத்தினார்: "ஏலே, கரன்ட்டு போச்சுடா!" ஒரே கூச்சல். பிறகு கூட்டம் மெல்ல அடங்கியது. ராஜாமணி பாட்டை நிறுத்தவில்லை. மைக் இல்லை, எக்கோ இல்லை, வெறும் தொண்டை. மற்ற இரண்டு ரிக்கார்டரும் கரன்ட்டோடு நின்றுபோன இடம் அது. முத்துப்பாண்டியின் பேட்டரி மட்டும் ஓடியிருக்கிறது. பாவி மனுசன், இருமலைக்கூட அடக்கியிருக்கிறார்.

ராஜாமணி கண் கலங்க டெக்கின் மேல் கை வைத்தார். காப்பி போட நேரமில்லை. ஒரிஜினலையே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

சந்தைக்கு வந்த முத்துப்பாண்டியிடம் பயந்து பயந்துதான் சொன்னேன்.

"அக்காட்டத்தான போயிருக்கு, போகட்டும். எம் இருமலக் கேட்டு வைவாகளே, அதேண்ணே கவல" என்றார்.

அதன் பிறகு ஒரே கச்சேரிக்கு நாலு கேசட் வந்தால், இரைச்சலைக் கேட்டதும் எதையும் ஒதுக்கியதில்லை. கரன்ட்டில் பதிந்ததா, பேட்டரியில் பதிந்ததா என்று முதலில் விசாரிப்பேன். கடைசி வரை ஓடவிட்டுத்தான் முடிவு சொல்வேன்.

சில மாதங்கள் கழித்து ராஜாமணி அந்தக் கேசட்டோடு தனியாகக் கடைக்கு வந்தார். குரல் வந்திருந்தது, ஆனால் கம்மல்.

"வீட்டு டேப்பு மக்கர் பண்ணுதுண்ணே. அந்தக் கரன்ட்டு போன எடத்தப் போடுங்க."

போட்டேன். கண்ணை மூடிக் கூடவே பாடினார். மேலே ஏறும் இடத்தில் டேப்பிலிருந்த குரல் ஏறிப் போனது, அவர் நின்றுவிட்டார். நான் டெக்கை நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டுனீக?" என்று அதட்டினார். "எங் குரலு இன்னும் அங்கன போகல. திருப்பிப் போடுங்க."