ஏணியைப் பிடித்தவள்

முன்பக்கத்திலிருந்து ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. சீமெந்துத் தரையில் அலுமினியம் உரசும் சத்தம். தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள் எமல்டா. யாருடையதோ கலியாணச் சட்டை, ஊசி குத்தியபடி பாதித் தையலில் நின்றது.

அந்தச் சத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கலியாணமாகி இந்தக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்த நாள் முதல், ஒவ்வொரு மார்கழியும், கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பெருநாள் நெருங்கும்போது, அதைக் கேட்டுத்தான் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடியிருக்கிறாள். "எமல்டா, வந்து ஏணியைப் பிடி!" என்று சவரிமுத்துவின் குரல் அடுத்ததாக வரும்.

அந்தக் குரலுக்காக ஒரு கணம் காத்திருந்தாள். பிறகுதான் நினைவு வந்தது. அவர் இந்த வருஷம் தவக்காலத்திலேயே, ஈஸ்டருக்கு முன்பே, கண்ணை மூடிவிட்டாரே!

எழுந்து முன்வாசலுக்குப் போனாள். ஏணியின் உச்சியில், தலையில் தொப்பியோடு, முன்பின் தெரியாத ஒரு மனிதர் நின்றார். வாசல் நிலைக்கு மேலே சவரிமுத்துவின் சிவப்பு நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அலுமாரிக்கு மேல் சேலைத் துணியில் சுற்றிக் கிடந்த நட்சத்திரம்! ஏணியடியில், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் நிரோஷா, அந்தச் சேலைத் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள்.

"யார் நீங்க? யார் உங்களை உள்ளுக்கு விட்டது?"

"அன்ட்டி, என்னயத் திட்டாதீங்க" என்று நிரோஷா முந்திக்கொண்டாள். "ஜெறோம் அண்ணன்தான் போன் பண்ணி, அம்மாவுக்கு சொல்லாத, சர்ப்ரைஸுன்னு சொன்னாரு. மெஷின் ஓடுற சத்தத்துல உங்களுக்கு ஒன்னும் கேக்காதுன்னு நான்தான் மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். அலுமாரி மேல இருந்த ஸ்டாரையும் எடுத்துக் குடுத்தேன்."

ஏணியிலிருந்தவர் இறங்கி வந்தார். "நான் பஸீர், அன்ட்டி. வீடு, ஹோட்டல், கலியாணம், எல்லாத்துக்கும் லைட் போடுறது எங்கட வேலை. மகன்தான் வெளிநாட்டிலருந்து புக் பண்ணினது. மேல வேலை எல்லாம் முடிஞ்சி. இந்த ஸ்டார் மட்டும்தான் பாக்கி."

எமல்டா நிமிர்ந்து பார்த்தாள். மொட்டைமாடிச் சுவரிலிருந்து ஜன்னல் நிலைகள் வரை கம்பிகள் ஒரே சீராக ஓடியிருந்தன. இன்னும் ஒளிரவில்லை. ஆனால் அவளுக்கு விஷயம் வெளிச்சமாகிவிட்டது.

விளக்கு வந்திருக்கிறது. அப்படியென்றால் மகன் வரப்போவதில்லை.

ஜெறோம் ஒரே பிள்ளை. எங்கோ ஒரு பாலைவனத்தில், மணல்மேடுகளுக்கு நடுவே கட்டிய உல்லாச ஹோட்டலில் அவனுக்கு வேலை. அலங்காரப் பகுதியில் சுப்பர்வைசர் என்று சொல்லியிருந்தான். குளிரூட்டிய அறையில் மேசைக்குப் பின்னால் மகன் உட்கார்ந்திருப்பதாக எமல்டா எண்ணிக்கொள்வாள். தகப்பனின் அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் யாரோ தூக்கிப்பிடித்த போனுக்குள்ளிருந்து, "அப்பா, அப்பா" என்று அழுதான். அன்றைக்கே, "நத்தாருக்கு எப்படியும் வந்திடுவன் அம்மா" என்று வாக்குக் கொடுத்தான். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதானே அவள் இவ்வளவு மாதமும் மெஷினை மிதித்தாள்!

"எல்லாத்தையும் கழட்டுங்க" என்றாள்.

பஸீர் நிரோஷாவைப் பார்த்தார்.

"அவளை ஏன் பாக்கிறீங்க? இது என்ர வீடு. இந்த லேனில செத்த வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு நட்சத்திரம் போடமாட்டம். கரோல் வாற பிள்ளைகள்கூட எங்கட வாசல் வந்தா மேளத்தை நிப்பாட்டிப்போட்டு, சத்தமில்லாம நடந்து போவாங்க. அவருக்குச் செய்யிற மரியாதை அது. இது தெரியாமலா என்ர பிள்ளை வளந்தவன்?"

"அன்ட்டி, எனக்கு அது தெரியாது. சத்தியமா" என்றார் பஸீர். "கழட்டச் சொன்னா கழட்டுறன். மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு…"

"அவனுக்கு என்ன சொல்லக் கிடக்கு? தான் வராததுக்குப் பதிலா லைட் அனுப்பியிருக்கிறான். தாய்க்கு லைட் போதும் என்டு நினைச்சிட்டான்!"

நிரோஷா எமல்டாவின் தோளைத் தொட்டாள். எமல்டா கையைத் தட்டிவிட்டாள். லூசியாள் தேவாலயத்தில் மாலை மணி அடிக்கத் தொடங்கியது.

பொழுது சாய்ந்ததும் தானாகவே பற்றும்படி பஸீர் விளக்குகளை அமைத்திருந்தார். ஒருவரும் தொடவில்லை. எமல்டாவின் கோபமும் தணியவில்லை. ஆனாலும் வீடு பற்றிக்கொண்டது. கூரை விளிம்பு, ஜன்னல்கள், தூண், வெளிவாசல் படலை என்று எல்லா இடமும் வெள்ளை. பச்சையில்லை, நீலமில்லை. நிலவைக் கரைத்து ஊற்றியதுபோல் தூய வெள்ளை.

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்போது லேன் முனையிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் செல்லையா. சட்டையில் ஒரு பொத்தான்கூடப் போடவில்லை.

"ஐயோ கடவுளே! எப்ப? எப்படி நடந்தது?" என்று படலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகுதான் எமல்டாவைக் கண்டார். வாய் திறந்தபடி நின்றது. "நீங்க… இருக்கிறீங்களா?"

"இருக்கிறன் அண்ணே. ஏன், போகவேணுமா?"

"முனையிலருந்து பாத்தா வீடு முழுக்க வெள்ளை. செத்த வீட்டுக்குத்தானே இப்பிடி வெள்ளை கட்டுவாங்க? உங்களுக்குத்தான் ஏதோ ஆயிட்டுது என்டு… சாமான் வாங்க நின்ற ரெண்டு பேருக்கும் சொல்லிப்போட்டன்."

"எனக்காக அழுதீங்களோ?"

"அழ எங்க நேரம்? செருப்பையே மாத்திப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறன், பாருங்க."

எல்லோரும் அவர் கால்களைப் பார்த்தார்கள். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். முதலில் நிரோஷா சிரித்தாள். அடுத்து பஸீர். எமல்டா சிரிக்கத் தொடங்கி, சிரிப்பின் நடுவிலேயே அழுதாள். கணவன் போன பிறகு இந்த வாசலில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"அப்பவே நான் சொன்னேன், கலர் போடுங்கன்னு" என்றாள் நிரோஷா. "இவரு கேக்கல."

"மகன் வெள்ளை மட்டும்தான் கேட்டது. ஒரு கலர் பல்பும் வேணாமாம். அங்க அவங்கட ஹோட்டல் மாதிரி ஈக்கணுமாம்" என்றார் பஸீர்.

"சரி சரி, நான் போய் அந்த ரெண்டு பேரையும் பிடிக்கிறன். இல்லாட்டி மலர்வளையத்தோட வந்திடுவாங்க" என்று செல்லையா திரும்பி ஓடினார்.

நிரோஷாவின் போன் அடித்தது. திரையில் ஜெறோம்.

"லைட் பத்திட்டுதா, நிரோஷா? அம்மா என்ன சொன்னவ?"

நிரோஷா போனை எமல்டாவின் கையில் வைத்தாள்.

கேட்க வேண்டியதெல்லாம் எமல்டாவின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் மகனைக் கண்டதும் அவை எங்கோ போயின. அவன் தலையில் மஞ்சள் ஹெல்மெற். இடுப்பைச் சுற்றித் தடித்த பெல்ற். முகமெல்லாம் வெயிலில் கருகியிருந்தது. அவனுக்குப் பின்னால் பேரீச்ச மரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு மரத்திலும் அடியிலிருந்து உச்சிவரை வெள்ளை விளக்கு சுற்றியிருந்தது. கடைசி மரத்தில் பாதிதான் சுற்றி முடிந்திருந்தது. அதில் ஒரு நீண்ட ஏணி சாய்ந்திருந்தது.

மேசையும் இல்லை, குளிரூட்டிய அறையும் இல்லை.

"நீயாடா ஏணியில ஏறுறாய்?"

ஜெறோம் தலையைக் குனிந்தான். "மன்னிச்சிடுங்க அம்மா. மார்கழிதான் இங்க சீசன். லைட் போடுற ஆக்கள் ஒருத்தருக்கும் லீவு இல்ல. கேட்டா, போ, ஆனா திரும்பி வராத என்டுறாங்க. நான் வராட்டி வீடு இருட்டாக் கிடக்குமே என்டுதான்… நான் இங்க போடுற மாதிரியே போடச் சொன்னனான்."

பக்கத்து ஒருகொடவத்தையில், கப்பல் கொள்கலன்களை அடுக்கும் யார்ட்டில் வேலை செய்தவர் சவரிமுத்து. அங்கே ஒருவன் உயரத்திலிருந்து விழுந்ததைக் கண்ணால் கண்டவர். அதனால் மகனை ஒருநாளும் ஏணியில் ஏறவிட்டதில்லை. நட்சத்திரத்தை எடுத்துக் கொடுப்பதோடு ஜெறோமின் வேலை முடிந்துவிடும். அந்தப் பிள்ளை இன்று யார் யாருடைய கொண்டாட்டத்துக்காகவோ மரத்தின் உச்சியில் நிற்கிறான்! இருண்ட வீட்டில் தாய் இருக்கக்கூடாது என்று நினைத்தவனையா கரித்துக்கொட்டினோம்?

"உன்ர ஏணியை யாருடா பிடிக்கிறது?" என்று கேட்டாள் எமல்டா.

ஹெல்மெற்றின் நிழல் அவன் கண்களை மறைத்தது. தோள்கள் மட்டும் குலுங்கின.

"பெல்ற் இருக்கு அம்மா" என்றான் கடைசியில். "பயமில்ல."

"இந்த வெள்ளையைப் பாத்திட்டு செல்லையா அண்ணன் நான் செத்திட்டன் என்டு ஓடிவந்தவர்."

"ஐயோ! வெள்ளை… நான் அதை யோசிக்கவே இல்லையே அம்மா. கழட்டச் சொல்லட்டா?"

எமல்டா வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். செத்த வீட்டு வெள்ளைதான். துக்கத்தின் நிறம்தான். மகன் தெரியாமல் செய்த பிழை, தகப்பனுக்குச் செய்ய வேண்டிய மரியாதையாகவே வந்து நிற்கிறதே! அழுதுகொண்டிருக்கும் வீடு வெளிச்சமாக இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

"வேணாம். இருக்கட்டும். கொப்பாவுக்கு இது சரிதான்" என்றாள். "ஆனா நட்சத்திரம் இப்ப இல்ல. அதை நீ வந்துதான் கட்டவேணும்."

"அப்பாட ஆண்டுப் பூசைக்கு வாறன் அம்மா. அப்ப இங்க சீசன் முடிஞ்சிடும். டிக்கெற்றும் போட்டிட்டன்."

"தவக்காலத்தில நட்சத்திரமா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீங்க ஏணியைப் பிடிங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எமல்டா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "தம்பி, நட்சத்திரத்தை மட்டும் இறக்கித் தாங்க" என்று ஏணிப் பக்கம் போனாள்.

"நீங்க விடுங்க அன்ட்டி, நான் தனிய ஏறுவன்" என்றார் பஸீர்.

"ஏறுங்க. நான் பிடிக்கிறன்."

இரண்டு கைகளாலும் ஏணியை இறுக்கிப் பிடித்தாள். வேறொருவரின் ஏணிதான்; ஆனால் ஆள் கால் வைக்கும் இடமும், ஏணி அசையும் அசைவும் அவள் கைகளுக்குப் பழக்கம். பஸீர் மெதுவாக முடிச்சை அவிழ்த்து, நட்சத்திரத்தைக் குனிந்து நீட்டினார். நிரோஷா அதை வாங்கிச் சேலைத் துணியில் சுற்றினாள். எமல்டா அதை அலுமாரிக்கு மேல் வைக்கவில்லை. மகனுடைய கட்டிலில், தலையணைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

அவள் திரும்பி வந்தபோது பஸீர் ஏணியை மடித்துத் தோளில் வைத்திருந்தார். "பெருநாள் முடிஞ்சி கழட்ட வாறன் அன்ட்டி. அதுக்கு முந்தி ஏதும் லைட் பத்தாட்டி போன் ஒன்டு எடுங்க."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களன்."

"இன்னும் ரெண்டு வீடு ஈக்கிது. கதவைச் சாத்துங்க அன்ட்டி, வெளிச்சத்துக்குப் பூச்சி வரும்."

அவர் படலையைக் கடந்து லேனில் நடந்தார். ஏணியின் நுனி செல்லையாவின் கடைப் பலகையில் இடிக்காமல் திரும்பும்வரை எமல்டா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். கதவுக்கு மேலிருந்த கண்ணாடியால் வெள்ளை வெளிச்சம் உள்ளே வந்து, ஜெறோமின் அறை வாசல்வரை விழுந்து கிடந்தது.