கேட்டது ரிப்பேர், செய்தது அப்கிரேட்

போன வாரம் எங்கள் பீங்கான் யூனிட்டில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. என்னைவிட வயதில் மூத்த கம்ப்யூட்டர். சூளையின் சூட்டை இன்னமும் அதுதான் கவனிக்கிறது. அதன் வேகத்தைக் கூட்ட யாரோ எப்போதோ செருகிய ஆக்ஸிலரேட்டர் கார்டில்தான் கோளாறு.

"நீ எலக்ட்ரானிக்ஸ் படிச்சவதானே... பாரேன்" என்றார் கணவர்.

படித்தவள்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு சால்டரிங் அயர்னைத் தொட்டவளா? கார்டில் மூன்று கெபாசிட்டர்கள் உப்பியிருந்தன. ஈயப் புகை எங்கள் குட்டிப் பையனுக்கு ஆகாதே என்று அவனை மாமியாரிடம் விட்டு, ஜன்னலைத் திறந்து, கையை நாலு தடவை கழுவி... ஒருவழியாக மாற்றினேன். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

பையனோடு வந்த மாமியார் ஆரம்பித்தார். "எதிர் வூட்டுப் புள்ள ஏபிசிடி சொல்லுது. நம்மது இன்னும் 'ப்பா'வத் தாண்டலியே?"

அந்த எரிச்சலிலேயே ஆன்லைனில் பையனுக்கு ஏபிசிடி ஃபிளாஷ் கார்டுகள் ஆர்டர் போட்டேன். கூடவே, ஆக்ஸிலரேட்டருக்கு இரண்டு மடங்கு வேகமான சிப். வந்ததும் யாரையும் கேட்காமல் மாட்டினேன். ஜோராக ஓடியது.

நேற்று மங்கலம்பேட்டை கடைக்காரருக்கான ஊறுகாய் ஜாடிகள் சூளையில். உச்ச சூட்டில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். சூளை பார்க்கும் ஏழுமலை அண்ணனுக்கு அது இரண்டு டீ நேரம்.

போனில் வந்தார். "என்னம்மா, ஒரு டீதான் குடிச்சேன். ஒரு மணி நேரம் ஆயிட்டுதுங்குது உன் மெஷினு?"

"மெதுவா குடிச்சிருப்பீங்கண்ணே."

"எவ்ளோ மெதுவா குடிச்சாலும் அரை மணிதாம்மா."

அப்போதுதான் அந்தப் புது சிப் ஞாபகம் வந்தது. சூளையை ஓட்டும் அந்தப் பழைய புரோகிராம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மெஷின் ஓடும் வேகத்தை வைத்துத்தான் நேரத்தை எண்ணுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதன் ஒரு மணி நேரம் அரை மணியாகிவிடும். நான்காவது செமஸ்டரில் படித்தது! அரைவேக்காட்டு ஜாடியில் யார் ஊறுகாய் போடுவார்கள்?

"அணைய வுடலம்மா. கையாலயே சூட்ட புடிச்சி வச்சிருக்கேன். ரெண்டாவது டீயும் குடிச்சிட்டே அணைக்கிறேன்" என்றார் ஏழுமலை அண்ணன்.

ஜாடிகள் தப்பின. கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் ரிப்பேர்தானே கேட்டேன்?"

பழைய சிப்பையே மறுபடி மாட்டினேன். புதியதை டிராயரில் போட்டேன், ஃபிளாஷ் கார்டுகளோடு சேர்த்து.

எதிர் வீட்டில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்... எங்கள் பையன் இப்போதுதான் முதல் டீ குடிக்கிறான்.