கடைசி வரிசையில் இருந்த என் சிலிப்பர்

விஷ்க்... விஷ்க்... ரோத்தான் பிரம்பு காற்றில் வீசுகிற சத்தம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வீடு திரும்பினால் வாசலில் அதுதான் கேட்கும்.

என் மகள் மாலதி டீச்சர் விளையாட்டு விளையாடுவாள். வாசலில் கிடக்கிற சிலிப்பர்கள்தான் மாணவர்கள். வரிசை கோணினால் ஒரு அடி! சேறு ஒட்டிய என் சிலிப்பருக்கு எப்போதும் கடைசி வரிசை.

“அது மக்கு, மா. பேசக் கூடாது.”

சிரித்துக்கொள்வேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற நானும் கடைசி வரிசைதானே...

அந்த மாலதி வளர்ந்து, ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கிற லெக்சரர் ஆனாள். பயிற்சி ஆசிரியர்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவாள். வகுப்பில் சத்தம் கேட்டால் மார்க் போச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது மலேசியாவில் எங்கள் ஜொகூர் மாநிலத்துக்கு வெள்ளி, சனிதான் விடுமுறை; ஞாயிறு பள்ளி நாள். பொந்தியானில் கல்யாணம். போகிற வழியில் கெலாங் பாத்தா பக்கம் ஒரு பள்ளிக்கு என்னையும் கூட்டிப் போனாள்.

வகுப்பில் ஒரே இரைச்சல். பின்னம் படிக்கிறார்களாம்... காகிதத்தில் செய்த ரொட்டி சானாயைப் பிய்த்துப் பங்கு போட்டுச் சண்டை! பாடம் நடத்திய பயிற்சி ஆசிரியை மாலதியையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பெயிலானால் பயிற்சியை முதலிலிருந்து செய்யவேண்டுமே.

“இது வகுப்பா, பசாரா?” என்று மாலதி எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

அப்போது ஒரு சின்னப் பெண் கேட்டாள். “டீச்சர், நாலா மடிச்சா சரியா வருது. மூணா மடிச்சா ஏன் வரமாட்டேங்குது?”

“மேடம், இவ இன்னைக்குத்தான் வாயே திறக்குறா...” அந்தப் பயிற்சி ஆசிரியை ஓடி வந்து சொன்னாள்.

மாலதி வாசலிலேயே நின்றாள். பிறகு கல்யாணப் பட்டுப்புடவையோடு அந்தப் பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காகிதத்தை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஆசிரியை பாஸ்.

மாலதி ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதலில் தன் வகுப்பு மேஜைகளை வட்டமாக நகர்த்திப் போட்டாள். அப்புறம் தான் பேசுவதைக் குறைத்தாள். “நோட்ஸ் குடுங்க மேடம்” என்று முனகியவர்களிடம், “நீங்க சொல்லுங்க லா, நான் கேக்குறேன்” என்றாள். இன்று அவளிடம் படித்தவர்கள் பல பள்ளிகளில் அப்படித்தான் நடத்துகிறார்கள். என் மகளாக்கும்!

போன வாரம் மாலதியின் ஜொகூர் பாரு வீட்டு வாசலில் பேத்தி சிலிப்பர்களை வட்டமாக வைத்திருந்தாள். ரோத்தானைக் காணோம்.

“டீச்சர் எங்கடி?”

“அதோ, அம்மா சிலிப்பர். அதுவும் வட்டத்துலதான் இருக்கு.” என் சிலிப்பரைத் தொட்டுக் காட்டினாள். “இப்ப உங்க டர்ன், பாட்டி. பேசுங்க!”

அதான்... உங்களிடம் இதைப் பேச வந்திருக்கிறேன்.